நெக்ரோமான்ஸருக்கு எந்த ரேஸ்? பல்லாங்குழியில் வைத்துப் பார்த்தது

கடைசியில் ராக் நோம் என்ற குள்ள இனம்தான் (இந்த ஆட்டத்தில் இனத்துக்குப் பெயர் ரேஸ்) என்று முடிவாகி, என் கதாபாத்திரத்தின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டைப் பேனாவில் எழுதியாச்சு. இனி பென்சிலுக்கும் ரப்பருக்கும் வேலை இல்லை. மலை ட்வார்ஃப் என்ற இன்னொரு குள்ள இனத்தைத்தான் எடுப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தவன் நான், அது எப்படி நோமாக மாறியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். நெக்ரோமான்ஸராக, அதாவது பிணம் எழுப்புகிற மந்திரவாதியாக ஆடலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடுவது, ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்த விதிப் புத்தகம். 2024-இல் புதுப் புத்தகம் வந்துவிட்டது, தெரியும். அதில் இனத்தோடு வருகிற மதிப்பெண் கூட்டலைத் தூக்கி, கேரக்டரின் பின்னணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதோடு மந்திரவாதி வகுப்பான விஸார்டுக்கு இருந்த நெக்ரோமான்ஸிப் பிரிவே அந்தப் புத்தகத்தில் இல்லை. அதனால் பழசையே பிடித்துக்கொண்டோம்.

எங்கள் டன்ஜன் மாஸ்டர், அதாவது எதிரிகளை ஓட்டி விதிக்குத் தீர்ப்பும் சொல்கிறவன், என் சித்தப்பா பையன். பெங்களூர் கம்பெனி வேலையைக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாடியறையில் உட்கார்ந்து பார்க்கிறான். சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால் ராத்திரியில் யாருக்கும் பெரிய வேலை இருக்காது, கரண்ட் இருந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் எமர்ஜென்ஸி விளக்கில் ஆட்டம். நான், அவன், என் தங்கச்சி, அப்புறம் பக்கத்துத் தெரு மச்சான் ஒருவன்.

எந்த ரேஸ் நல்லது என்று வாயால் பேசினால் விடிய விடிய முடியாது. அதனால் டன்ஜன் மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டான். அடிப்படைப் புத்தகத்தில் உள்ள இனங்கள் மட்டும், ஆறாவது லெவல், திறமை மதிப்புகளை வாங்க எல்லோருக்கும் அதே 27 புள்ளி, அதே இரண்டு சண்டை. ஒவ்வொரு இனமாக மாற்றி மாற்றி அதே களத்தில் இறக்கிப் பார்ப்பது. ஆறாவது லெவல் ஏன் என்றால், பிணத்தை எழுப்புகிற அனிமேட் டெட் மந்திரம் ஐந்தில் கிடைத்தாலும் நெக்ரோமான்ஸருக்கு உண்மையான பலம் ஆறில்தான் வருகிறது. ஒரு தடவை மந்திரம் போட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு எழும். எழுந்ததுக்கு நம் லெவல் அளவுக்கு உயிர்ப்புள்ளி கூடும், அடிக்கிற அடியில் லெவலோடு ஏறுகிற நம் ப்ரொஃபிஷியன்ஸி போனஸும் சேரும். சாதாரண எலும்புக்கூட்டுக்கு 13 புள்ளி. நம்முடையதுக்கு 19. அம்பு சராசரியாக 5 வாங்கும் இடத்தில் 8 வாங்கும்.

முதலில் சாமான்கள்.

களத்துக்கு ஒரு சார்ட் பேப்பர், பத்து ரூபாய். ஸ்கேல் வைத்து ஒரு அங்குலக் கட்டமாகக் கோடு போட்டேன், ஒரு கட்டம் ஐந்து அடி. மேலே நோட்டுக்கு அட்டை போடுகிற கண்ணாடி பிளாஸ்டிக் ஒரு மீட்டர் வாங்கி இழுத்து ஒட்டினால் ஸ்கெட்ச் பேனாவால் சுவர், பள்ளம் எல்லாம் வரைந்து ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்பது ரூபாய். டைஸ் இரண்டு செட், ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைச்சலாக. இதுதான் பெரிய செலவு.

எலும்புக்கூடுகளுக்குப் புளியங்கொட்டை. தாயம் ஆடுவதற்குத் தேய்ப்போமே, அதே மாதிரி ஒரு பக்கத்தை மாடிச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, வெள்ளையில் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் எழுதினேன். வெள்ளை மேலே இருந்தால் நிற்கிறது, திருப்பிப் போட்டுக் கறுப்பு தெரிந்தால் விழுந்துவிட்டது. மேசையில் ஒரு பார்வை பார்த்தால் படை நிலைமை தெரிந்துவிடும். கடையில் விற்கிற பொம்மை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு சௌகரியம் இருந்திருக்காது. ஓகர் என்ற ராட்சதனுக்கு இரண்டுக்கு இரண்டு கட்டம் வேண்டும், அதற்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் சின்ன அளவு. தட்டினால் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். பயம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

தூரம் அளக்கச் சிவப்பு நூல் பன்னிரண்டு அங்குலம், ஐந்திலும் ஆறிலும் முடிச்சு. பன்னிரண்டு என்றால் அறுபது அடி. எலும்புக்கூடுக்கு நாம் மனசால் கட்டளை போடக்கூடிய தூரம் அவ்வளவுதான், அதனால் இந்த நூல்தான் நெக்ரோமான்ஸரின் முக்கியமான கருவி. ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரம் வெடிக்கிற வட்டம் இருபது அடி ஆரம், களத்தில் எட்டு அங்குல விட்டம். டிபன் தட்டுகளை ஸ்கேலில் அளந்து பார்த்ததில் ஒன்று சரியாக எட்டு இருந்தது. அதற்கு ஃபயர்பால் தட்டு என்றே பெயர் வந்துவிட்டது, அம்மா அதில் இட்லி வைத்தாலும் அதே பெயர்தான்.

உயிர்ப்புள்ளிக் கணக்குதான் முதலில் உதைத்தது. எட்டு எலும்புக்கூடு, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு, பேப்பரில் எழுதி அடித்து எழுதி அடித்து ஓட்டை விழுந்தது. அப்புறம் அப்பாயியின் பல்லாங்குழி ஞாபகம் வந்தது. பதினாலு குழி. எட்டுக் குழி எட்டு எலும்புக்கூட்டுக்கு, மூன்று குழி ஸ்பெல் ஸ்லாட்டுக்கு, அதாவது ஒரு நாளில் எத்தனை தடவை மந்திரம் போடலாம் என்ற கணக்குக்கு, முதல் நிலைக்கு நான்கு, இரண்டாம் நிலைக்கு மூன்று, மூன்றாம் நிலைக்கு மூன்று. சோழி ஒன்றுக்கு ஐந்து புள்ளி, குன்றிமணி ஒன்றுக்கு ஒரு புள்ளி. 19 என்றால் மூன்று சோழி, நான்கு குன்றிமணி. அடி விழ விழ எடுத்துக்கொண்டே வரலாம். குன்றிமணியைக் கொடுக்கும்போதே அப்பாயி, “விஷக்கொட்டைடா, சின்னப் பிள்ளைங்க கையில அம்புடாம வை, ஆடி முடிச்சதும் எண்ணி டப்பாவுல போடு” என்றார். செத்த பிணம் எழுந்திருக்கிற ஆட்டம் என்று சொன்னதற்கு ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கையில்தான் கறார்.

அடுத்தது டைஸ் உருட்டுகிற நேரம். எட்டு எலும்புக்கூடு எட்டு அம்பு விட்டால் இருபது முகக் காய் எட்டுத் தடவை, பட்டதுக்கெல்லாம் அடிக்கணக்கு தனி. கையில் இருபது முகக் காய் இரண்டுதான். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்ததில் என் ஒரு முறைக்கே ஆறு நிமிஷம், மச்சான் அதற்குள் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தான். 2014 டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தில் கூட்டமாக அடிப்பவர்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. எதிரியின் ஏசியிலிருந்து (அவன் மேல் அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) நம் தாக்குதல் கூட்டலைக் கழிக்க வேண்டும், வருவது 6 முதல் 12-க்குள் இருந்தால் இரண்டு பேர் அடித்தால் ஒருவர் அடி விழும் என்று கணக்கு. எலும்புக்கூட்டின் கூட்டல் 4. ஏசி 15 உள்ளவனுக்கு 11 தேவை, எட்டு அம்பில் நான்கு பட்டுவிட்டதாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி எட்டு, மொத்தம் 32. உருட்டவே வேண்டாம், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. ஆனால் இந்தப் பட்டியல் நம்மை ஒரு இடத்தில் ஏமாற்றும். ஓகருக்கு ஏசி 11, தேவை 7, உண்மையில் நூற்றுக்கு எழுபது படும், அதாவது எட்டில் ஐந்தரைக்கு மேல். பட்டியலோ அதற்கும் நான்குதான் தருகிறது. நேரம் மிச்சமாகிறதே என்று ஒத்துக்கொண்டேன்.

இப்போது கேரக்டர்கள். இங்கேதான் என் தலையில் இருந்த கணக்கு மாறியது.

விஸார்ட் என்றாலே இன்டெலிஜென்ஸ் கூடும் இனத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நெருப்பு எறிகிற விஸார்டுக்கு அது சரி, எதிரி தப்பிக்க வேண்டிய இலக்கு அதை வைத்துத்தான் ஏறும். ஆனால் அனிமேட் டெட் மந்திரத்தை நாலு தடவை படித்துப் பாருங்கள், எங்கேயும் நம் இன்டெலிஜென்ஸ் வராது. எத்தனை எழும் என்பது ஸ்லாட்டைப் பொறுத்தது. எவ்வளவு தாங்கும் என்பது லெவலைப் பொறுத்தது. எவ்வளவு அடிக்கும் என்பது ப்ரொஃபிஷியன்ஸியைப் பொறுத்தது. மக்கு மந்திரவாதி எழுப்பினாலும் எலும்புக்கூடு அதே 19 புள்ளியோடுதான் எழுந்திருக்கும். மந்திரத்தை மனசில் பிடித்து வைத்திருக்கிற கான்சன்ட்ரேஷனும் கிடையாது, அதனால் அடிபட்டால் மந்திரம் கலைந்துபோகும் என்ற பயமும் இல்லை.

அப்படியானால் இனம் எதற்குத்தான் உதவ வேண்டும்? கட்டளை போடுகிற ஆள் மயங்காமல், மனசு மாறாமல், அறுபது அடிக்குள் நிற்க வேண்டும், அதற்கு. கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு போனஸ் ஆக்ஷன் போகும், அது ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கிற கூடுதல் செயல். நாம் சாய்ந்துவிட்டால் ஏற்கெனவே கொடுத்த வேலையை முடித்துவிட்டு, தன்னைத் தாக்குகிறவனை மட்டும் திருப்பித் தாக்கிக்கொண்டு நிற்கும். வேறொரு புத்தகத்தில் வருகிற கோப்ளின் இனத்தை எடுத்துக்கொள்ளலாம், அதன் பெரிய பலமே போனஸ் ஆக்ஷனில் நழுவி ஒளிந்துகொள்வது. நெக்ரோமான்ஸருக்கு அந்தப் போனஸ் ஆக்ஷன் மிச்சமே இருக்காது. பேப்பரில் அழகாகத் தெரியும், மேசையில் வீண்.

இந்தக் கண்ணோடுதான் ஐந்து ஷீட் போட்டேன். ஸ்ட்ரென்த் (பலம்) 8, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 14, கான் (உடல் உறுதி) 14, இன்ட் (இன்டெலிஜென்ஸ்) 15, விஸ்டம் (மனத்தெளிவு) 12, கரிஸ்மா (வசீகரம்) 8, எல்லாம் வாங்க விலை சரியாக 27 புள்ளி. ராக் நோமுக்கு இன்ட் இரண்டு, கான் ஒன்று கூடும். நான்காவது லெவலில் வருகிற இரண்டை ஆளுக்கொன்றாகப் போட்டால் இன்ட் 18, கான் 16, உயிர்ப்புள்ளி 44. எதுவும் ஒற்றைப்படையில் வீணாகவில்லை. மலை ட்வார்ஃபுக்கு ஸ்ட்ரென்த் இரண்டு, கான் இரண்டு. அங்கேயும் 44, ஆனால் இன்ட் 17-இல் நின்றுவிடும், எதிரிக்கான இலக்கு ஒன்று குறைவு, தயார் செய்யும் மந்திரமும் ஒன்று குறைவு. அதற்குப் பதில் நடுத்தரக் கவசம் போடலாம், இதுதான் என்னை மயக்கியது. ஹை எல்ஃப், கொம்புள்ள டீஃப்ளிங் என்ற இரண்டு இனங்களுக்கும் இன்ட் 18, உயிர்ப்புள்ளி 38. டீஃப்ளிங்கைத் தங்கச்சி கொம்பு வரைந்து கலர் அடித்தே கொடுத்துவிட்டாள், அதற்கு நெருப்பில் பாதி அடிதான்.

ஐந்தாவது மனுஷன், ஆரம்பத்திலேயே ஒரு ஃபீட், அதாவது சிறப்புத் திறமை, கிடைக்கிற வகை. இது மச்சானின் யோசனை, யோசனைகளிலேயே கில்லாடித்தனமானது. இன்ஸ்பைரிங் லீடர் என்ற ஃபீட், கரிஸ்மா 13 வேண்டும். பத்து நிமிஷம் உற்சாகப் பேச்சு பேசினால், கேட்டுப் புரிந்துகொள்கிற ஆறு பேர் வரைக்கும் தற்காலிக உயிர்ப்புள்ளி கூடும், லெவலும் கரிஸ்மா கூட்டலும் சேர்ந்து. புள்ளிகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கரிஸ்மாவை 14 ஆக்கினால் எட்டு. எலும்புக்கூட்டுக்குப் பேச்சு புரியுமா? புரியும். உயிரோடு இருந்தபோது தெரிந்த மொழியெல்லாம் புரியும், பேசத்தான் வராது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. டன்ஜன் மாஸ்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, “சரி, ஆனா நீ நெஜமாவே பேசணும்” என்றான். மச்சான் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இங்கே திரளாகக் கூடியிருக்கும் எலும்புப் பெருமக்களே” என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. கீழே இருந்து அம்மா என்ன கூட்டம் என்று கேட்டுவிட்டார்.

முதல் சண்டை, வெட்டவெளியில் மூன்று ஓகர். தலைக்கு 59 புள்ளி, கையில் கதாயுதம். எலும்புக்கூட்டுக்கு மொத்தையான ஆயுதம் ஆகாது, அடி இரட்டிப்பாகும். ஓகரின் சராசரி 13, இரட்டித்தால் 26, நம்முடையதோ 19. ஒரு அடி விழுந்தால் ஒரு புளியங்கொட்டை கறுப்பு. தலையாட்டி பொம்மை பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு போய்க்கொண்டே இருக்கும்.

எல்ஃபும் டீஃப்ளிங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஜெயித்தார்கள், படையில் பாதிக்கு மேல் போனது. எல்ஃப் நாலு மணி நேரம் தியானம் செய்தால் மற்றவர்களின் எட்டு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம், மீதி நேரம் காவல் இருக்கலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நெக்ரோமான்ஸர் வீட்டில் தூங்காத காவலாளி எட்டுப் பேர் வாசலிலேயே நிற்கிறார்கள், அந்தச் சலுகைக்கு இங்கே மதிப்பே இல்லை.

ட்வார்ஃபை ரொம்ப நம்பியிருந்தேன். ஸ்கேல் மெயில் கவசம் போட்டால் ஏசி 16, நோம் மேஜ் ஆர்மர் மந்திரம் போட்டு 15. ஓகரின் கூட்டல் 6. அப்படியென்றால் ட்வார்ஃபை அடிக்க 10 வேண்டும், நோமை அடிக்க 9. நூற்றுக்கு ஐந்து வித்தியாசம். ஹாஃப் பிளேட் கவசம் வாங்கினால் இன்னொரு ஐந்து, ஆனால் அதன் விலை 750 பொற்காசு. கவசத்தின் நிஜமான லாபம் தினமும் மேஜ் ஆர்மருக்குப் போகிற ஒரு முதல்நிலை ஸ்லாட் மிச்சம் என்பதுதான், ஆறாவது லெவலில் அந்த மாதிரி ஸ்லாட் நாலு இருக்கும்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. படைக்குப் பின்னால் நிற்கிற ஆளை ஓகர் அவ்வளவாக அடிக்கவும் இல்லை.

இந்தச் சண்டையில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது மனுஷன்தான். பேச்சு கேட்ட ஆறு எலும்புக்கூட்டுக்கு 19-உடன் எட்டு சேர்ந்து 27. ஓகரின் அடி 26. குழியில் ஒரே ஒரு குன்றிமணி மிஞ்சி நிற்கிறது, நின்றுகொண்டு திருப்பி அம்பு விடுகிறது! டன்ஜன் மாஸ்டர் சராசரிக் கணக்கில் அடிப்பதால் இது தவறாமல் நடந்தது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது சண்டை சுரங்கம். இருட்டு. அந்தக் கோடியில் விளக்கை வைத்துக்கொண்டு ஒரு மேஜ், அதாவது எதிரி மந்திரவாதி, கூடவே நாலு அடியாட்கள். எலும்புக்கூட்டுக்கு இருட்டில் கண் தெரியும். எல்ஃப், டீஃப்ளிங், ட்வார்ஃப், நோம் நாலு பேருக்கும் தெரியும், மெதுவாக நூல் தூரத்துக்குப் போய்விடலாம். மனுஷனுக்குத் தெரியாது. தீப்பந்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும், ஏற்றினால் எட்டு எலும்புக்கூடும் சுரங்கத்துக்குள் தேர்த் திருவிழா மாதிரி ஜொலிக்கும். மேஜ் முதலில் செய்தது ஃபயர்பால். தட்டு வந்து இறங்கியது. சராசரி 28, தப்பித்தவர்களுக்கு 14. மச்சானின் பேச்சு கேட்ட எலும்புக்கூட்டுக்கு 27. ஒரு புள்ளி. தட்டுக்குள் இருந்ததில் தப்பிக்காத அத்தனையும் அந்த ஒரு புள்ளியில் போனது, மச்சான் தட்டைத் தூக்கி அளவு சரியா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

இங்கே ஒன்று கவனித்தேன். ஐந்தாவது லெவலில் எலும்புக்கூட்டுக்கு 13 புள்ளிதான், ஃபயர்பாலில் தப்பித்தாலும் 14 விழுந்து செத்துவிடும். ஆறில் 19 என்பதால் தப்பித்தது ஐந்து புள்ளியோடு நிற்கிறது. ஒரே லெவல், ஆனால் படை இருப்பதும் இல்லாததும் அதில்தான். எந்த இனமானாலும் எட்டையும் ஒரு தட்டுக்குள் நிறுத்தாமல், தட்டைக் கவிழ்த்துப் பார்த்து மூன்றுக்கு மேல் உள்ளே வராதபடி பரப்பி நிறுத்துவது நல்லது. அடியாட்களும் கதாயுதம்தான் வைத்திருப்பார்கள், ஆளுக்கு இரண்டு அடி, சராசரி ஐந்து இரட்டித்துப் பத்து. இரண்டும் விழுந்தால் 19 காலி.

மேஜின் உண்மையான ஆயுதம் சஜெஷன் என்ற மந்திரம். முப்பது அடிக்குள் வந்ததும் நியாயமாகத் தோன்றுகிற ஒரு யோசனையைச் சொல்வான், தப்பிப்பதற்கான உருட்டலான விஸ்டம் சேவில் 14 எடுக்காவிட்டால் நாம் அதைச் செய்தே தீர வேண்டும். ட்வார்ஃபுக்குக் கூட்டல் 4, தப்பிக்க நூற்றுக்கு 55. உருட்டினேன், 7 விழுந்தது. டன்ஜன் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, எலும்பெல்லாம் ஈரமா இருக்கு, வெளிய கூட்டிட்டுப் போயி வெயில்ல காய வைங்களேன்” என்றான். ட்வார்ஃப் அடக்கமாக எட்டையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். கவசம், 44 புள்ளி, எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தது. சண்டைதான் இல்லை.

நோமுக்கு நோம் கன்னிங் என்று ஒன்று உண்டு. மந்திரத்துக்கு எதிராக இன்ட், விஸ்டம், கரிஸ்மா மூன்று சேவிலும் இரண்டு காய் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அதே 55, இரண்டு காயில் 80 ஆகிவிடுகிறது. மனுஷனுக்குக் கரிஸ்மா ஏற்றப் போய் விஸ்டம் 9-க்கு இறங்கியதால் 45-தான். டீஃப்ளிங் ஃபயர்பாலைச் சிரித்துக்கொண்டே வாங்கியது, சஜெஷனில் அதுவும் 55. கட்டளை போடுகிற மனசைக் காப்பாற்றுகிற இனம் எது என்பதில் அதற்குமேல் சந்தேகம் இல்லை.

ஆனால் நோமுக்குக் கால் குட்டை. நடை 25 அடி, எலும்புக்கூடு 30, ஓகர் 40. முதல் சண்டையில் பின்வாங்கும்போது எலும்புக்கூடுகள் முன்னால் போய்விட, நூலை இழுத்துப் பிடித்து இன்னும் அறுபதுக்குள்தான் என்று ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருந்தது. ட்வார்ஃபுக்கும் அதே 25-தான். ராத்திரி படுத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டும்போது எடைக்கணக்கு கண்ணில் பட்டது. சுமக்கக்கூடிய எடை ஸ்ட்ரென்தைப் பதினைந்தால் பெருக்கி வருவது, எலும்புக்கூட்டுக்கு ஸ்ட்ரென்த் 10, அப்போது 150 பவுண்டு. நோமின் சராசரி எடை 40 பவுண்டு. ட்வார்ஃப் 150, கவசம் 45, தூக்கவே முடியாது. நோமை ஒரு எலும்புக்கூட்டின் மேல் உப்புமூட்டை ஏற்றிவிட்டால்?

டன்ஜன் மாஸ்டர் யோசித்தான். வேதாளம் விக்கிரமாதித்தன் முதுகில் ஏறும், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்றான். சுமக்கிற எலும்புக்கூடு சண்டை போடக் கூடாது, அது விழுந்தால் நீயும் தரையில் விழுவாய் என்ற இரண்டு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். சண்டைக்கு ஏழுதான், அம்பில் நான்குக்குப் பதில் மூன்றுதான் படும். ஆனால் 30 அடி வேகம், நான் தனியாக நடக்க வேண்டியதில்லை, நூல் எப்போதும் தளர்வாகவே இருக்கிறது. ஓகர் சண்டையை மறுபடி ஓட்டினோம், எல்ஃபைவிட இரண்டு எலும்புக்கூடு அதிகமாக மிஞ்சியது. மனுஷன் அளவுக்கு வரவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த தடவை மாற்றப்போகிறவை. முதல் லெவலிலிருந்து ஆட்டம் தொடங்குவதாக இருந்தால் நான் நோமை எடுப்பேனா என்பது சந்தேகம். அங்கே ஸ்லாட் இரண்டுதான், மேஜ் ஆர்மருக்கு ஒன்று போனால் பாதி காலி, உயிர்ப்புள்ளியும் ஒற்றை இலக்கம். எலும்புக்கூடு வருவதற்கு முந்தைய நாலு லெவலுக்கும் நெக்ரோமான்ஸர் வெறும் விஸார்ட்தான், அங்கே 50 பொற்காசு ஸ்கேல் மெயிலோடு ட்வார்ஃப் நிம்மதியாக வாழும். எங்கள் சோதனை ஆறிலேயே ஆரம்பித்ததால் அது தெரியாமலே போயிற்று.

ஓகர் மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தால் முன்வரிசையில் இரண்டு ஸோம்பி நிறுத்த வேண்டும். அதற்கு மொத்தை ஆயுத பயம் கிடையாது, 22-உடன் ஆறு சேர்ந்து 28, ஓகரின் 13-ஐ இரண்டு தடவை வாங்கியும் நிற்கும். நடைதான் 20.

காலக்கணக்கும் வேண்டும். கட்டுப்பாடு 24 மணி நேரம், அதற்குள் மறுபடி மந்திரம் போட்டால் ஏற்கெனவே எழுப்பியதில் ஒரு ஸ்லாட்டுக்கு நான்கு எலும்புக்கூடு கையிலேயே இருக்கும். எட்டுக்கு இரண்டு மூன்றாம்நிலை ஸ்லாட் தினமும் போய்விடுகிறது, மிச்சம் ஒன்று. ஒரு நாள் தூக்கம் கெட்டால் எட்டும் நம் பேச்சைக் கேட்காது. இப்போது பல்லாங்குழியில் காலியாக இருந்த ஒரு குழியில் மந்திரம் போட்ட நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் புளியங்கொட்டை நம்பர். ஸ்கெட்ச் பேனா கை வேர்வையில் அழிந்து மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிகிறது. தங்கச்சியின் நெயில் பாலிஷில் எழுதிப் பார்க்க வேண்டும், கறுப்பு இருக்கிறதாம், தருவதற்கு டீஃப்ளிங்கை ஒரு ஆட்டமாவது ஆடு என்கிறாள்.